தக்குவாபா எங்கே போயிற்று? பங்ஙா மாகாணத்தின் வரலாறும் நிர்வாக மாற்றங்களும்

நீங்கள் கேட்டது இது: தென் தாய்லாந்தில் கிடைத்த மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பெயர் வரும் தமிழ்க் கல்வெட்டைப் பற்றிப் படிக்கும்போது ஒரு நூல் அது ‘தக்குவாபா மாகாணத்தில்’ கிடைத்தது என்கிறது, மற்றொன்று ‘பங்ஙா மாகாணத்தில்’ என்கிறது, மூன்றாவது ‘கப்போங் மாவட்டத்தில்’ என்கிறது, இன்றைய வரைபடத்திலோ தக்குவாபா என்ற மாகாணமே இல்லை, இவற்றில் எது சரி, அந்தப் பகுதியின் நிர்வாக வரலாறு என்ன? மூன்றும் சரி என்பதுதான் சுருக்கமான பதில். அவை ஒரே இடத்தை வெவ்வேறு காலத்தின் பெயராலும் வெவ்வேறு அளவிலான நிர்வாக அலகின் பெயராலும் குறிக்கின்றன. தக்குவாபா 1930களின் தொடக்கம் வரை தனி மாகாணமாக இருந்து, பிறகு பங்ஙாவோடு இணைக்கப்பட்டு, அதன் ஒரு மாவட்டமாகச் சுருங்கியது. ஏன் அப்படி ஆயிற்று என்பதற்கான விரிவான பதில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பின்னோக்கிச் செல்கிறது.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பல மொழிகளின் எழுத்துகளில் சிதைந்துபோகும் ‘பங்ஙா’ என்ற பெயரைத் தமிழில் பிழையின்றி எழுத முடியும். ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’ என்ற சொற்களில் நாம் ஒலிக்கும் அதே மெல்லோசைதான் அதில் இருக்கிறது. தாய்லாந்தின் மாகாணத்திற்குச் ‘சங்வாட்’ என்று பெயர். அதன் கீழே ‘அம்போ’ எனப்படும் மாவட்டமும், அதற்குக் கீழே ‘தாம்பொன்’ எனப்படும் ஊர்த்தொகுதியும், கடைசியில் ‘மூபான்’ எனப்படும் சிற்றூரும் வருகின்றன. பழைய நூல்களில் வரும் ‘மூவாங்’ என்ற சொல் கோட்டை நகரையும், அந்நகர் ஆண்ட சுற்றுப்புறத்தையும் சேர்த்துக் குறித்தது. இடையில் சில பத்தாண்டுகள் மட்டும் இருந்து மறைந்த ‘மொந்தோன்’ நமக்கு அந்நியமான சொல் அன்று. அது ‘மண்டலம்’ என்பதன் தாய் வடிவமே.

பங்ஙா மாகாணம் அந்தமான் கடலோரத்தில் சுமார் 4,170 சதுர கிலோமீட்டர் பரப்பில், எட்டு அம்போக்களோடு அமைந்திருக்கிறது. இந்நிலத்தை இரு முகங்கள் கொண்டதாகப் பார்த்தால் அதன் வரலாறு எளிதில் விளங்கும். நடுவே மலைத்தொடர் நிற்கிறது. மேற்கு முகத்தில் கப்போங் மலைகளில் பிறக்கும் தக்குவாபா ஆறு, கோ கோ காவ் தீவுக்கு எதிரே திறந்த கடலில் கலக்கிறது. தெற்கு முகத்தில் பங்ஙா ஆறு, சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கும் ஆழமற்ற வளைகுடாவுக்குள், அலையாத்திக் காடுகளின் ஊடே இறங்குகிறது. திறந்த கடலைப் பார்த்த முகம் வணிகத்தால் வளர்ந்தது. வளைகுடாவுக்குள் ஒதுங்கிய முகம் அடைக்கலத்தால் வளர்ந்தது. இன்றைய மாகாணம் இவ்விரண்டையும் ஒட்டியதால் உண்டானது என்பது என் கருத்து.

இவற்றுள் மிகப் பழையது மேற்கு முகமே. கோ கோ காவ் தீவின் துங் துக் என்ற மணல்வெளியில் தாங் காலச் சீனப் பீங்கான் ஓடுகளும், மேற்காசியக் கண்ணாடித் துண்டுகளும், மணிகளும் கிடைத்துள்ளன. கி.பி. 9ஆம் நூற்றாண்டளவில் அது கடல் வணிகர்கள் கூடிய துறைமுகமாக இருந்தது. ஆற்றின் மேற்பகுதியில், இன்றைய கப்போங் மாவட்டத்தில், காவ் பிரா நராய் என்றொரு குன்று இருக்கிறது. பெயரின் பொருள் ‘நாராயணர் மலை’. அங்கேதான் நீங்கள் குறிப்பிட்ட தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. நங்கூருடையான் என்று படிக்கப்படும் ஒருவர் தொட்ட (அதாவது வெட்டிய) குளத்திற்கு அவனிநாரணம் என்று பெயரிட்டு, அதை மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தார் என்ற படைப்பிரிவினருக்கும் அடைக்கலமாக ஒப்படைத்ததை அது கூறுகிறது. அவனிநாரணன் என்பது பல்லவன் மூன்றாம் நந்திவர்மனின் விருதுப்பெயர். எனவே கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது என்று கொள்கிறார்கள். வரலாற்றறிஞர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். குளம் வெட்டி, அதன் பாதுகாப்பை ஒரு வணிகக் குழுவிடமும் படைப்பிரிவு ஒன்றிடமும் விட்டுச் சென்றிருக்கிறார்கள் என்றால், அவர்கள் ஒரு பருவக்காற்றுக்கு வந்து மறு பருவக்காற்றில் திரும்பியவர்கள் மட்டும் அல்லர், ஊன்றித் தங்கியவர்கள் என்று கருத இடமிருக்கிறது. அந்த இடத்தோடு தொடர்புடைய, பல்லவப் பாணியின் சாயல் கொண்ட கற்சிலைகள் மரத்தின் வேர்களுக்குள் சிக்கியிருந்தவை; இப்போது புக்கெட் தீவிலுள்ள தலாங் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. கல்வெட்டோ நக்கோன் சி தம்மராட் அருங்காட்சியகத்திற்குப் போயிற்று. எனவே நக்கோன் சி தம்மராட் என்ற பெயரையும் சேர்த்தால், இந்த ஒரு கல்லுக்கு நான்காவது ‘முகவரி’ கிடைத்துவிடும். அது கிடைத்த இடம் அன்று, வைக்கப்பட்ட இடம்.

முதலாம் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் வரும் ‘கலைத்தக்கோர் புகழ்த் தலைத்தக்கோலம்’ என்ற ஊர் இந்தத் தக்குவாபாவே என்று பலர் எழுதுகிறார்கள். பெயரொற்றுமை கவர்ச்சியானதுதான், ஆனால் தலைத்தக்கோலத்தைத் தெற்கே உள்ள திராங் பகுதியில் வைக்கும் ஆய்வாளர்களும் உண்டு, கேள்வி முடிந்துவிடவில்லை. ‘தக்குவா’ என்பதற்குத் தாய் மொழியில் ஈயம் என்று பொருள் என்பதையும், பகுதியின் உண்மையான செல்வம் வெள்ளீயம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்வது இங்கே பயன்படும். தக்குவாபா, தக்குவாதுங் என்ற இரு ஊர்ப்பெயர்களிலும் உலோகம் இருக்கிறது. முன்னதில் காட்டோடும் பின்னதில் வயல்வெளியோடும் சேர்ந்து வருகிறது.

இடைக்காலத்தில் தீபகற்பத்தின் மேலாண்மை கிழக்குக் கரையிலிருந்த நக்கோன் சி தம்மராட்டிடம் இருந்தது. அந்நகரின் மரபுவரலாறு தன் கீழிருந்த பன்னிரண்டு ஊர்களைப் பன்னிரண்டு விலங்குகள் கொண்ட ஆண்டுச் சக்கரத்தோடு இணைத்துச் சொல்கிறது. அதில் தக்குவாபாவுக்கு நாய் முத்திரை. பின்னர் அயுத்தயா அரசு வலுப்பெற்றபோது, தக்குவாபாவும் தக்குவாதுங்கும் வெள்ளீயம் தரும் மூவாங்குகளாக அறியப்பட்டன. இந்தக் கட்டத்தில் பங்ஙா ஒரு தனி நகராகவே பேசப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதை நகராக்கியது போர். 1785இல் பர்மிய அரசர் போடாபயா சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) மீது பல முனைகளில் படையெடுத்தபோது மேற்குக் கரை ஊர்கள் தாக்குதலுக்கு உள்ளாயின. தக்குவாபாவும் தக்குவாதுங்கும் வீழ்ந்தன. புக்கெட் தீவின் தலாங் நகர் மட்டும் இரு சகோதரிகளின் தலைமையில் முற்றுகையைத் தாங்கியது. அடுத்த முறை அது தாங்கவில்லை. சயாம் அரசர் இரண்டாம் ராமாவின் ஆட்சி தொடங்கிய 1809ஆம் ஆண்டில் பர்மியர் மீண்டும் வந்தனர், தலாங் எரிந்தது. உயிர் தப்பியவர்கள் நீரைக் கடந்து, வளைகுடாவின் தலைப்பகுதியில் கிராபூங்ஙா என்று வழங்கிய இடத்தில் குடியேறினர். பெரிய கப்பல்கள் எளிதில் நுழைய முடியாத ஆழமற்ற நீரும் அலையாத்திக் காடும் மலைமதிலும் கொண்ட அந்த இடத்தை அச்சத்தில் ஓடியவர்கள் ஏன் தேர்ந்தார்கள் என்பதை, அங்கே ஒரு முறை படகில் போனவர்கள் உடனே உணர்வார்கள். கோ யாவ் தீவுகளின் குடிகளும் பர்மியப் படையெடுப்புகளிலிருந்து தப்பி வந்தவர்களே தங்கள் முன்னோர் என்று சொல்கிறார்கள். அந்தக் கிராபூங்ஙாதான் பங்ஙா ஆயிற்று.

தலாங்கின் மக்களில் ஒரு பகுதியினர் மூன்றாம் ராமாவின் காலத்தில் தீவுக்குத் திரும்பினர். ஆனால் பங்ஙா கலையவில்லை. 1840இல் அரசர் பிரயா பொரிராக் பூத்தோன் என்ற பட்டம் பெற்ற செங் என்பவரை அதன் ஆளுநராக அமர்த்தினார். இவர் நக்கோன் சி தம்மராட்டை ஆண்ட குடும்பத்தவர். அதே குடும்பத்தின் மற்றொரு மகனான நுட், பிரயா சேனானுசிட் என்ற பட்டத்தோடு தக்குவாபாவை ஆண்டார். மலையின் இரு முகங்களையும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் பங்கிட்டுக்கொண்ட காலம் இது. தக்குவாதுங் பழைய ஊராக இருந்தும் மெல்லப் பங்ஙாவின் கீழ் வந்தது. அகதிகள் அமைத்த குடியிருப்பு தனக்கு முன்பிருந்த நகரை விழுங்கிய முதல் நிகழ்வு அது. தக்குவாபாவின் முறை வர இன்னும் பல பத்தாண்டுகள் இருந்தன.

அந்நாளில் ஆளுநர் என்பவர் சம்பளம் வாங்கும் அதிகாரி அல்லர். ‘கின் மூவாங்’ என்று தாய் மொழியில் ஒரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் ‘ஊரை உண்பது’. ஆளுநர் தம் ஊரின் வரியிலிருந்தே தம் செலவையும் செல்வத்தையும் எடுத்துக்கொண்டு, வகுத்த பங்கைத் தலைநகருக்கு அனுப்பினார். மேற்குக் கரையில் வெள்ளீயம் பெருகியதும் இது மேலும் ஒரு படி சென்றது. குறிப்பிட்ட ஒரு தொகையை ஆண்டுதோறும் கட்டிவிடுவதாக ஒப்புக்கொண்டு, ஊரின் வரி உரிமை முழுவதையும் ஆளுநரே குத்தகைக்கு எடுக்கும் ‘மாவ் மூவாங்’ முறை வந்தது. சுரங்கத்தில் வேலை செய்த ஹொக்கியென் சீனத் தொழிலாளர்களின் உழைப்பும், அவர்கள் வாங்கும் அரிசி, அபின், மது ஆகியவற்றின் மீதான வரியும் இந்தக் குத்தகையைத் தாங்கின. உலகச் சந்தையில் வெள்ளீய விலை இறங்கிய ஆண்டுகளில் ஆளுநர்கள் கட்ட வேண்டிய தொகை நிலுவையானது. கரை ஊர்களில் கடனும் குழப்பமும் பெருகின. ஓர் ஊரின் ஆட்சியே குத்தகைப் பொருளாக இருந்த நிலையில், அது எந்த ஊரோடு சேரும், எதிலிருந்து பிரியும் என்பதை நிலத்தின் இயல்பை விடக் கணக்குப் புத்தகமே தீர்மானித்தது.

இதை மாற்றியவர் இளவரசர் தம்ரோங். 1892இல் உள்துறை அமைச்சரான அவர், சூலாலொங்கோன் அரசரின் ஆதரவோடு, பரம்பரை ஆளுநர்களின் இடத்தில் பாங்காக்கிலிருந்து சம்பளம் பெறும் அதிகாரிகளை அமர்த்தினார். தேசாபிபான் என்று அழைக்கப்பட்ட இந்த ஏற்பாட்டில் பல மூவாங்குகள் சேர்ந்து ஒரு மொந்தோன் ஆயின. மேற்குக் கரை ஊர்களைக் கொண்டு 1890களில் அமைந்த மொந்தோன் புக்கெட்டில் புக்கெட், ரனோங், திராங், கிராபி ஆகியவற்றோடு பங்ஙாவும் தக்குவாபாவும் சமநிலையிலிருந்த இரு அலகுகளாக இடம்பெற்றன. 1897இல் வந்த ஊராட்சிச் சட்டம் சிற்றூர்த் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் முறைக்கு வடிவம் கொடுத்தது. அதன் வழித்தோன்றலான 1914ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் உள்ளது.

இந்த மொந்தோனின் ஆணையர்களில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பவர் காவ் சிம் பீ. பிரயா ராட்சாடா என்ற பட்டப்பெயரே மக்களிடையே வழங்குகிறது. ரனோங்கின் சீன வணிகக் குடும்பத்தில் பிறந்து, திராங்கின் ஆளுநராகிப் பெயர்பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மொந்தோன் முழுவதற்கும் ஆணையரானவர். சாலை போடுவதிலும், ரப்பர் பயிரைப் பரப்புவதிலும் அவர் காட்டிய விடாமுயற்சி தென் தாய்லாந்தின் பொருளாதாரத்தையே மாற்றியது. 1913இல் திராங்கின் கந்தாங் துறையில் சுடப்பட்டு இறந்தார். வரிக் குத்தகையால் வளர்ந்த ஒரு குடும்பத்தின் மகனே அந்தக் காலத்தை முடித்துவைத்த புதிய நிர்வாகத்தின் முகமானார் என்பது, சீர்திருத்தம் பழைய செல்வாக்கை வெட்டி எறியாமல் அதை அரசுப் பணிக்குள் இழுத்துக்கொண்டது என்பதற்குச் சான்று.

1916இல் வஜிராவுத் அரசர் ‘மூவாங்’ என்ற பெயரை மாற்றிச் ‘சங்வாட்’ என்று வைத்தார். சங்வாட் தக்குவாபா என்ற பெயர் இவ்வாறு முறைப்படி வந்தது. அது நீடித்தது பதினைந்து ஆண்டுகளுக்குச் சற்று மேல் மட்டுமே. உலகப் பொருளாதார வீழ்ச்சி சயாமின் வருவாயைத் தாக்கியபோது, பிரஜாதிபொக் அரசரின் அரசு அதிகாரிகளின் எண்ணிக்கையைக் குறைத்தது, மொந்தோன்களை இணைத்தது, சிறிய சங்வாட்களைக் கலைத்தது. தக்குவாபா பங்ஙாவோடும், லங் சுவான் சும்போனோடும், சாய்புரி பட்டானியோடும், தன்யாபுரி பதும்தானியோடும், கலாசின் மகாசரக்காமோடும் சேர்க்கப்பட்டன.

இதற்கான ஆண்டை 1931 என்று சில நூல்களும் 1932 என்று சில நூல்களும் தருவதைக் கண்டு நீங்கள் குழம்ப வேண்டாம். அப்போது தாய்லாந்தின் புத்தாண்டு ஏப்ரல் 1இல் தொடங்கியது. பௌத்த ஆண்டு 2474 என்பது 1931 ஏப்ரல் முதல் 1932 மார்ச் வரை நீண்டது. இணைப்பு அறிவிக்கப்பட்டது அந்த ஆண்டின் இறுதிப் பகுதியில். பௌத்த ஆண்டிலிருந்து 543ஐக் கழிக்கும் வழக்கமான கணக்கைப் போட்டால் 1931 வரும். உண்மையில் நிகழ்ந்தது 1932இன் தொடக்கம். 1941இலிருந்துதான் ஜனவரி 1 புத்தாண்டு ஆயிற்று. ஆகவே அதற்கு முந்தைய எந்தத் தாய் ஆவணத்தின் தேதியிலும், ஜனவரி முதல் மார்ச் வரையிலான மாதங்களுக்கு இந்தத் திருத்தம் தேவைப்படும்.

இணைப்பால் பங்ஙா ஏறக்குறைய இரண்டு மடங்காயிற்று. இன்றைய தக்குவாபா, கப்போங், குராபுரி ஆகிய மூன்று அம்போக்கள் பழைய தக்குவாபாவின் நிலம். அவை மாகாணப் பரப்பில் பாதிக்குச் சற்றே குறைவு. ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள நகர் நூற்றிருபது ஆண்டுப் பழமையுள்ள நகருக்குக் கீழே ஏன் போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். நாட்டின் பணநெருக்கடி பொதுக் காரணம். உள்ளூர்க் காரணமாக நான் கருதுவது ஆற்றை. சுரங்கங்கள் கழுவிவிட்ட மணலும் சேறும் தக்குவாபா ஆற்றைத் தூர்த்துவிட்டன. பழைய கடைவீதியான தலாட் யாய் வரை வந்த படகுகள் பின்னாளில் வர முடியாமல் போயின. நகரின் நடமாட்டம் யான் யாவ் பக்கம் நகர்ந்தது. எந்த வெள்ளீயம் அந்த ஊரை வளர்த்ததோ, அதைத் தோண்டிய கழிவே அதன் துறையை மூடியது. தலாட் யாயின் சீன-போர்த்துகீசியப் பாணிக் கடைவீடுகளும், பிரயா சேனானுசிட்டின் காலத்து மதிலின் எச்சங்களும் இன்று அமைதியாக நிற்கின்றன.

கலைக்கப்பட்டவற்றில் கலாசின் 1947இல் மீண்டும் மாகாணமாயிற்று. தக்குவாபா, லங் சுவான், சாய்புரி, தன்யாபுரி ஆகியவை ஆகவில்லை. ஆனால் ஒரு சுவடு எஞ்சியிருக்கிறது. தக்குவாபாவில் உள்ள நீதிமன்றத்தின் பெயர் இன்றளவும் ‘தக்குவாபா சங்வாட் நீதிமன்றம்’ என்பதே. லங் சுவானிலும் தன்யாபுரியிலும் இதே நிலை. (சங்வாட் நீதிமன்றம் இருக்கும் எல்லா ஊரும் பழைய மாகாணம் என்று முடிவு செய்துவிடக் கூடாது, கோ சமுய் போன்ற இடங்களில் தேவை கருதி அமைக்கப்பட்டவையும் உண்டு.) அதேபோல் பங்ஙா, தக்குவாபா ஆகிய இரண்டு ஊர்களே மாகாணத்தில் ‘தேசபான் மூவாங்’ எனப்படும் நகராட்சித் தகுதி பெற்றிருக்கின்றன.

அரசரின் முழு அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவந்த 1932 ஜூன் புரட்சிக்குப் பின், 1933இல் மொந்தோன் அமைப்பே ஒழிக்கப்பட்டு மாகாணங்கள் நேரடியாக உள்துறை அமைச்சகத்தின் கீழ் வந்தன. அதன் பின் பங்ஙாவின் வெளி எல்லை பெரிதாக மாறவில்லை. மாற்றங்கள் உள்ளே நிகழ்ந்தன. கோ யாவ் தீவுகள் நெடுங்காலம் ‘கிங் அம்போ’ எனப்படும் துணை மாவட்டமாக இருந்து முழு அம்போவாக உயர்ந்தன. இந்தத் துணை மாவட்ட வகையே 2007இல் நாடு முழுவதும் நீக்கப்பட்டது. தாய் மூவாங் என்ற அம்போவின் பெயரில் உள்ள ‘மூவாங்’ நகர் அன்று, ‘சுரங்கம்’; தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் தாய் எழுத்தில் வேறு. ஆளுநரை இப்போதும் பாங்காக்தான் அனுப்புகிறது. மாகாண நிர்வாக அமைப்பு என்ற தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்றும் அவரோடு இணையாக இருக்கிறது. அதன் தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பது 2000களில்தான் தொடங்கியது. சாலைக்கும் பள்ளிக்கும் யாரிடம் போவது என்பதில் இந்த இரட்டை அமைப்பு கிராமத்தாரை அலைக்கழிக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1967இல் திறக்கப்பட்ட சாரசின் பாலம் மாகாணத்தின் தென்முனையைப் புக்கெட்டோடு இணைத்தது. 1985இல் உலக வெள்ளீயச் சந்தை சரிந்தபோது சுரங்கத் தொழில் முடிவுக்கு வந்தது. அதே பத்தாண்டில் சுரின், சிமிலான் தீவுகளும் பங்ஙா வளைகுடாவும் தேசியப் பூங்காக்கள் ஆயின. வருவாய் சுற்றுலாவுக்குத் திரும்பிய அந்த மேற்குக் கரையைத்தான் 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கியது. தாய்லாந்தில் இறந்ததாக உறுதிசெய்யப்பட்ட 5,395 பேரில் 4,200க்கும் மேற்பட்டோர் இந்த ஒரு மாகாணத்தில் இறந்தனர். காவ் லக், பான் நாம் கெம் போன்ற, மிகக் கொடுமையாக அடிபட்ட இடங்கள் தக்குவாபா அம்போவுக்குள் வருபவை. பான் நாம் கெம் வெள்ளீயத்தைத் தேடி வந்தவர்களின் குடியிருப்பாகத் தொடங்கியது. சுரங்கக் காலத்து நிலவுரிமைகள் தெளிவுபடுத்தப்படாமலே விடப்பட்டிருந்ததால், வீடிழந்தவர்களில் சிலர் திரும்பிச் சென்று கட்ட முயன்றபோது அந்த மண் தங்களுடையதல்ல என்று கேட்க நேர்ந்தது. கடலில் வாழ்ந்த மோக்கென் மக்களில் பலருக்குக் குடியுரிமைச் சான்றே இருக்கவில்லை. நூறாண்டுக்கு முன் வரிக் கணக்குக்காக வரையப்பட்ட நிர்வாகம், மக்களையும் மனையையும் பதிவு செய்வதில் விட்ட இடைவெளிகள் அன்று வெளியே தெரிந்தன.

இனி, உங்கள் கல்வெட்டுக்கு வருகிறேன். 1932க்கு முன் எழுதப்பட்ட கட்டுரைகளில் ‘தக்குவாபா’ என்பதை மாகாணமாகவே படியுங்கள். அதற்குள் கப்போங்கும் அடங்கும். பிந்தைய நூல்களில் அது அம்போவையோ, சில வேளை பழைய வழக்கத்தைப் பின்பற்றி முழு ஆற்றுப் படுகையையோ குறிக்கலாம். நீங்கள் எழுதும்போது ‘பங்ஙா மாகாணம், கப்போங் மாவட்டம், காவ் பிரா நராய் (பழைய தக்குவாபா மாகாணம்)’ என்று குறித்தால், பழைய நூலைக் கையில் வைத்திருப்பவரும் புதிய வரைபடத்தைக் கையில் வைத்திருப்பவரும் ஒரே குன்றுக்கு வந்து சேர்வார்கள்.